வீட்டில் காசோலை அச்சிடுதல்: தாளைவிட அடிவரிதான் முக்கியம்

அமெரிக்காவில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டு வாடகை, தோட்ட வேலை செய்பவர், மகளின் இசை வகுப்பு என்று மாதம் ஏழெட்டுக் காசோலைகள் எழுத வேண்டியிருக்கிறது. வரவு செலவையெல்லாம் குவிக்கன் மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன். அதிலிருந்தே வீட்டு அச்சுப்பொறியில் காசோலையை அச்சிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் சட்டப்படி செல்லுமா? காந்த மை கட்டாயம் வேண்டுமா? வங்கி திருப்பி அனுப்பிவிடுமா?"

செல்லும். காந்த மை பற்றிய பதில் கொஞ்சம் நீளமானது. வங்கியின் இயந்திரம் அதைத் தயங்காமல் ஏற்குமா என்பது காசோலையின் அடியில் வங்கியின் எண், கணக்கு எண், காசோலை எண் ஆகியவற்றோடு ஓடும் ஒற்றை வரி எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல ஆண்டுகளாக என் வீட்டுக் கணக்குக்கும், நான் பொருளாளராக இருக்கும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றுக்கும் இப்படித்தான் அச்சிட்டு வருகிறேன். அதனால் பட்டறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்தியாவில் வங்கி கொடுக்கும் காசோலைப் புத்தகத்தோடு பழகி இங்கே வந்தவர்களுக்கு, காசோலைத் தாளைக் கடையில் வாங்கி நாமே அச்சிடலாம் என்பது நம்ப முடியாத செய்தியாக இருக்கும். அமெரிக்காவில் காசோலையை ஆள்வது யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்னும் வணிகச் சட்டத் தொகுப்பின் 3ஆம், 4ஆம் பிரிவுகள். மாநிலங்கள் அவற்றைத் தத்தம் சட்டமாக இயற்றிக்கொண்டிருக்கின்றன. குறிப்பிட்ட தொகையை, நிபந்தனை ஏதுமின்றி, கேட்டவுடன் இன்னாருக்குக் கொடு என்று வங்கிக்கு எழுதிக் கையொப்பமிட்டால் அது காசோலை. தாள் எங்கே வாங்கியது, யார் அச்சிட்டது என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே ஒரு கணக்கு ஒப்பந்தம் இருக்கிறது. வங்கியின் அச்சுத் தரத்துக்குப் பொருந்தாத காசோலையால் இழப்பு நேர்ந்தால் அது வாடிக்கையாளரைச் சேரும் என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் உண்டு. அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. "குவிக்கன் காசோலை அச்சிடும்" என்று சொல்லும்போது, அது அச்சிடுவது தேதி, பெறுநர் பெயர், தொகை, குறிப்பு ஆகியவற்றை மட்டுமே. உங்கள் பெயர், முகவரி, வங்கியின் பெயர், காசோலை எண், அடிவரி எல்லாம் முன்பே அச்சாகி வந்த தாளை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மணிடான்ஸ், இலவசமாகக் கிடைக்கும் குனூகேஷ் போன்ற மற்றக் கணக்கு மென்பொருள்களும் இதே வழிதான். ஒன்றும் அச்சாகாத வெற்றுக் காசோலைத் தாளில் அடிவரி உட்பட அனைத்தையும் நாமே அச்சிட வேண்டுமானால் அதற்கென்று தனி மென்பொருள் தேவை. அவற்றில் சில, தங்கள் தாளோடு வரும் குறியீட்டை உள்ளிட்டால் மட்டுமே அச்சிட விடும். வாங்கும் முன்பு இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாள் தீரும்போதெல்லாம் அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். மூன்றாவதாக, சாதாரண நகல் தாளில் அச்சிட்டு வெட்டிக் கொடுப்போரும் இருக்கிறார்கள். சட்டம் அதையும் தடுக்கவில்லை என்றாலும் நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். மெல்லிய தாள் இயந்திரத்தில் மடங்கும், கிழியும். திருத்தினால் தடயமே தெரியாது.

இனி அடிவரி. எம்ஐசிஆர், அதாவது காந்த மை எழுத்தை இயந்திரம் படித்தறிதல், என்று சொல்லப்படும் இந்த முறை 1950களில் பிறந்தது. நாடெங்கும் குவியும் காசோலைகளைக் கையால் பிரித்து அடுக்க ஆள் போதாமல் வங்கிகள் திணறிய காலம் அது. காந்தத் துகள் கலந்த மையில் எண்களை அச்சிட்டு, படிக்கும் தலைக்கு அடியில் ஓட்டினால், ஒவ்வோர் எண்ணும் தனக்கே உரிய மின் அலையை எழுப்பும். அதற்காகவே வடிவமைத்த எழுத்துருதான் ஈ-13பி. பத்து எண்கள், நான்கு குறிகள் என மொத்தம் 14 வடிவங்கள். சில எண்கள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் விநோதமாகத் தோன்றுவது அலங்காரத்துக்காக அல்ல. ஒன்றின் அலை இன்னொன்றின் அலையோடு குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி வடித்திருக்கிறார்கள்.

அந்த வரிக்கு இடம் வகுத்திருப்பதில் துளியும் தளர்வு கிடையாது. காசோலையின் அடியிலிருந்து 5/8 அங்குல உயரத்துக்கு வேறு காந்த அச்சு எதுவும் இருக்கக் கூடாது. அதற்குள், அடி ஓரத்திலிருந்து 3/16 அங்குலம் விட்டு, கால் அங்குலப் பட்டைக்குள் எண்கள் உட்கார வேண்டும். ஓர் அங்குலத்துக்கு எட்டு எழுத்து; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவு எடுப்பது வலது ஓரத்திலிருந்து. ஆகவே தாளை வெட்டும்போதோ துளைக்கோட்டில் கிழிக்கும்போதோ வலது ஓரம் கோணினால் வரி முழுதுமே இடம் மாறிவிடும். வலது கோடியில் தொகைக்கான இடம் இருக்கிறது. அது வங்கிக்கு உரியது, நீங்கள் அங்கே எதையும் அச்சிடக் கூடாது.

நான் சறுக்கியதும் இந்த அளவில்தான். தொண்டு அமைப்புக்காக முதன்முதலில் அச்சிட்ட தாள்களில், அச்சுப்பொறியின் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாம் மூன்று விழுக்காடு சுருங்கி விழுந்தன. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு அங்குல வரி மூன்று விழுக்காடு சுருங்கினால், கோடியில் உள்ள எழுத்து ஏறக்குறைய ஓர் எழுத்தின் அகலத்துக்கு விலகி நிற்கும். இரண்டு காசோலைகள் திரும்பி வந்தன. அவற்றில் ஒன்று, எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து வாசித்த முதியவர் ஒருவருக்குக் கொடுத்தது. அவருடைய வங்கி அவரிடமே கட்டணம் பிடித்துவிட்டது. அந்தத் தொகையையும் சேர்த்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறருடைய உழைப்புக்கான பணம் நம் அச்சுப்பொறியின் ஒரு சிறு அமைப்பால் தடைபட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே "உள்ள அளவிலேயே", அதாவது நூறு விழுக்காட்டில், அச்சிடும்படி வைத்துவிட்டு, அதன் பிறகு மற்றவற்றைப் பாருங்கள். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வங்கி கொடுத்த பழைய காசோலை ஒன்றின் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு அடிவரிகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? கணக்கு அறிக்கையிலிருந்தோ கைப்பேசிச் செயலியிலிருந்தோ எடுக்காதீர்கள். கைவசம் இருக்கும் உண்மையான காசோலையைப் பார்த்து, இடைவெளி, கோடு, முன்னால் நிற்கும் சுழியங்கள் எதையும் விடாமல் அப்படியே பெயர்த்து எழுதுங்கள். வங்கியை அடையாளம் காட்டுவது ரௌட்டிங் எண். சில வங்கிகளில் மின்னணுப் பரிமாற்றத்துக்கு ஒரு ரௌட்டிங் எண், காசோலைக்கு வேறொன்று. கடன் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர் எண் வேறு, காசோலை அடியில் நிற்கும் கணக்கு எண் வேறு. காசோலையே கையில் இல்லையென்றால், அடிவரியின் வடிவத்தைக் காட்டும் தாளை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.

ரௌட்டிங் எண்ணுக்கு மட்டும் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அது ஒன்பது இலக்கம். அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1910இல் கொண்டுவந்த முறையின் வழிவந்தது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. இடமிருந்து தொடங்கி இலக்கங்களை முறையே 3, 7, 1, 3, 7, 1, 3, 7, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு 123456780 என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் பெருக்குபவை 1, 4, 7: மொத்தம் 36. ஏழால் பெருக்குபவை 2, 5, 8: மொத்தம் 105. மீதி 3, 6, 0: மொத்தம் 9. கூட்டினால் 150, சரி. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு எண்ணுக்கு இப்படிப் பொதுவான சோதனை கிடையாது. அதை இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிடுவதுதான் வழி.

காசோலை எண் நிற்கும் இடமும் அளவுக்குத் தக மாறும். ஆறு அங்குலத் தனிநபர் காசோலையில் அது கணக்கு எண்ணின் அருகிலேயே வரும். எட்டரை அங்குல நீளக் காசோலையில் இடது கோடியில், ரௌட்டிங் எண்ணுக்கும் முன்னால், தனியாக நிற்கும். நீளமான காசோலையை அச்சிட்டுக்கொண்டு சின்னக் காசோலையின் வரிசையைப் பின்பற்றுவது நிறையப் பேர் செய்யும் பிழை.

இப்போது காந்த மை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் நின்றபோது, விமானத்தில் ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருந்த காசோலைகளும் நின்றுபோயின. அதன் பிறகு வந்ததுதான் செக் 21 என்ற சட்டம். 2003 அக்டோபர் 28 அன்று கையெழுத்தாகி, 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. காசோலையின் படத்திலிருந்து எடுக்கும் மாற்றுக் காசோலைக்கு மூலக் காசோலையின் மதிப்பைக் கொடுத்தது. அதிலிருந்து தாள் பயணம் செய்வது அருகி, படம்தான் பயணம் செய்கிறது. பெறுபவர் கைப்பேசியில் படம் பிடித்துச் செலுத்தினால் காந்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் வங்கி முகப்பிலும் தானியங்கி இயந்திரத்திலும் உள்ள படிப்பான்கள் பல இன்னும் காந்த அலையையும் படிக்கின்றன. அது கிடைக்காதபோது ஒளிப்படத்தைப் பார்த்துப் படிக்கும், அல்லது ஓர் ஊழியர் எண்ணைக் கையால் உள்ளிடுவார். லேசர் அச்சுப்பொறியின் மைத்தூளான சாதாரண டோனரில் அச்சிட்டவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது உண்மைதான். எனினும் வெற்றுத் தாளில் அச்சிடுவதாக முடிவு செய்தால் எம்ஐசிஆர் டோனர் வாங்கிப் போடுங்கள் என்பதே என் கருத்து. காசோலையை எந்த இயந்திரத்தில் செலுத்துவது என்பதை முடிவு செய்பவர் நீங்கள் அல்லர், பெறுபவர். முன்பே அடிவரி அச்சான தாள் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

அச்சுப்பொறி லேசராக இருந்தால் நல்லது. இங்க்ஜெட்டுக்கும் காந்த மை விற்கிறார்கள் என்றாலும், பெறுநர் பெயரும் தொகையும் சாயம் சார்ந்த மையில் இருந்தால் ஈரம் பட்டதும் பரவும், வேதிப்பொருள் பட்டால் அழியும். டோனர் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவது. ஆனால் சரியாக உருகாவிட்டால் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தாலே பெயர்ந்து வந்துவிடும். காசோலைத் தாள் பொதுவாக 24 பவுண்டு கனம். அச்சுப்பொறியில் தாள் வகையைக் கனத்த தாள் என்று குறித்தால் சூடு போதுமான அளவு கிடைக்கும். இன்னொரு செய்தி: அச்சுப்பொறிகள் பலவும் பக்கத்தின் கீழ் ஓரம் வரை அச்சிடாது. காசோலை தாளின் அடிப்பகுதியில் இருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அடிவரியின் கால் வெட்டுப்படக்கூடும். மேலே காசோலையும் கீழே இரண்டு வவுச்சர் துண்டுகளும் உள்ள வடிவத்தில் இந்தச் சிக்கல் எழாது. மூன்று காசோலைகள் உள்ள தாளிலும் அப்படித்தான். மூன்றரை அங்குலமாக மூன்று போக, பதினோரு அங்குலத் தாளில் அரை அங்குலம் கீழே மிஞ்சும்.

தாளில் என்ன பாதுகாப்பு இருக்க வேண்டும்? நகலெடுத்தால் "செல்லாது" என்ற பொருள் தரும் சொல் வெளிப்படும் பின்னணி, வேதிப்பொருள் பட்டால் கறையாகும் தன்மை, நீர்க்குறி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். கையொப்பக் கோட்டில் வரும் நுண்ணெழுத்தை வீட்டு அச்சுப்பொறியால் தெளிவாக அச்சிட முடியாது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், காசோலை மோசடி பழங்கதை இல்லை. அமெரிக்க நிதித் துறையின் கீழ் இயங்கும் ஃபின்சென் 2023 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. காசோலை மோசடி குறித்து நிதி நிறுவனங்கள் அனுப்பிய சந்தேக அறிக்கைகள் 2021இல் 3.5 லட்சம், 2022இல் 6.8 லட்சத்தைத் தாண்டின. அஞ்சலில் திருடிய காசோலையைக் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவது இதில் பெரும் பங்கு வகிக்கிறது. அச்சிட்ட பெயரையும் தொகையையும் கழுவுவது பேனாவால் எழுதியதைக் கழுவுவதைவிடக் கடினம். வீட்டில் அச்சிடுவதற்கு ஆதரவாக நான் முதலில் எடுத்துவைக்கும் காரணமும் இதுதான். கையொப்பத்தை மட்டும் நிறமி மை கொண்ட ஜெல் பேனாவால் போடுங்கள். கையொப்பத்தைப் படமாக மென்பொருளில் சேமித்து அச்சிடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள், அந்தக் கணினி யார் கைக்குப் போனாலும் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். உறையைத் தெருவோரப் பெட்டியில் இரவு முழுக்கக் கிடக்கும்படி போடாமல் அஞ்சலகத்துக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள்.

வெற்றுத் தாளுக்கும் முன்பே அச்சான தாளுக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. வெற்றுத் தாள் திருடுபோனால் தாள்தான் போகும். அடிவரி அச்சான தாள் கட்டு திருடுபோனால் உங்கள் கணக்கு எண்ணே வெளியே போகிறது. அதைப் பூட்டி வைக்க வேண்டும்.

எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு மோசடியைத் தாண்டிய காரணம் கணக்கின் ஒழுங்கு. கையால் எழுதும்போது காசோலை ஒன்றாகவும் கணக்கேட்டில் பதிவது இன்னொன்றாகவும் இரண்டு வேலை. 84 என்று எழுதிவிட்டு 48 என்று பதிந்தால் மாதக் கடைசியில் ஓர் இரவு போய்விடும். அச்சிடும்போது பதிவுதான் காசோலையாகிறது. குவிக்கனில் எண் இடத்தில் அச்சிட வேண்டியது என்று குறித்து வைத்தால், அச்சிடும் நேரத்தில் அடுத்த எண்ணை அதுவே கொடுக்கும். தொகையை எழுத்தில் எழுதுவதும் அதன் வேலை. சட்டப்படி எழுத்தும் எண்ணும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதுதான் செல்லும்; அச்சிட்டதும் கையால் எழுதியதும் முரண்பட்டால் கையால் எழுதியது செல்லும். ஆகவே அச்சிட்ட காசோலையில் பேனாவால் ஒரு திருத்தமும் செய்யாதீர்கள். தவறாக விழுந்தால் அந்த எண்ணைக் கணக்கில் ரத்து என்று பதிந்துவிட்டு, தாளைக் கிழித்துத் துண்டாக்கி, அடுத்த எண்ணில் அச்சிடுங்கள். எண் வரிசையில் ஓட்டை விழுந்தால் அதற்கு ஒரு காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். வங்கி கொடுத்த காசோலைப் புத்தகமும் கூடவே வைத்திருப்பீர்கள் என்றால், அச்சிடும் வரிசையை 5001 போல எட்டத்தில் தொடங்குங்கள், எண்கள் மோதாது.

வங்கி அறிக்கை வந்ததும் ஒவ்வொரு காசோலையின் படத்தையும் திறந்து பெறுநர் பெயரைப் பாருங்கள். தொகை ஒத்துப்போகிறது என்பது மட்டும் போதாது. பெயரை மட்டும் மாற்றிய காசோலை கணக்கில் எந்த வேறுபாட்டையும் காட்டாது. அறிக்கையை உரிய காலத்தில் பார்த்துத் தெரிவிப்பது வாடிக்கையாளரின் கடமை என்கிறது சட்டம். தாமதித்தால் இழப்பு உங்கள் பக்கம் சாயக்கூடும்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். வாடகையை வங்கியின் இணையவழிக் கட்டண வசதியில் போட்டுவிடுங்கள். பெறுபவரிடம் மின்னணு வழி இல்லையென்றால் வங்கியே காசோலை அச்சிட்டு அனுப்பும். மிஞ்சும் ஆறேழு காசோலைகளுக்கு, ஒரே கணக்கிலிருந்துதான் கொடுக்கிறீர்கள் என்றால், வெற்றுத் தாள், எம்ஐசிஆர் டோனர், தனி மென்பொருள் என்று வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. குவிக்கனுக்குப் பொருந்தும்படி முன்பே அச்சான வாலட் அளவுத் தாள் ஒரு கட்டும் இரட்டைச் சாளர உறையும் வாங்குங்கள். பெறுநரின் முகவரியைக் குவிக்கனில் சேர்த்துவிட்டால் அதுவும் காசோலையிலேயே அச்சாகிச் சாளரத்தில் தெரியும். மூன்று நான்கு கணக்குகளிலிருந்து எழுதுபவருக்கும், என்னைப் போல் ஓர் அமைப்பின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பவருக்கும்தான் வெற்றுத் தாள் லாபம். ஒரே கட்டு எல்லாக் கணக்குக்கும் பயன்படும்.

எதை வாங்கினாலும் முதல் காசோலையை உங்கள் பெயருக்கே, சிறு தொகைக்கு எழுதுங்கள். உங்களுக்கு வேறொரு வங்கியில் கணக்கு இருந்தால் அங்கே, கைப்பேசியில் படம் பிடிக்காமல், தானியங்கி இயந்திரத்தில் தாளாகச் செலுத்துங்கள். இரண்டாவதை முகப்பில் கொடுங்கள். இரண்டும் தடையின்றிக் கழிந்து, உங்கள் வங்கியின் படத்தில் அடிவரி தெளிவாகத் தெரிந்த பிறகு தோட்டக்காரருக்கான காசோலையை அச்சிடுங்கள்.